பாம்பாற்றங்கரையில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் உங்களில் பலர் போயிருப்பீர்கள். ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டி, சின்னாறு பாலத்தில் வண்டி ஏறும்போது கேரளம் தொடங்குகிறது. அந்த நேரத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மறையூரில் டீ குடிக்க நிறுத்தினால் விழிப்பார்கள். அப்புறம் தேயிலைத் தோட்டம் வந்ததும் போனைக் கையில் எடுப்பார்கள். சின்னாற்றுக்கும் மறையூருக்கும் நடுவில் இருக்கிற காட்டையும், அதன் அடியில் ஓடுகிற பாம்பாற்றையும் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் மறையூர்ப் பக்கம் 31 வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். வருடத்துக்கு இரண்டு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். புத்தகத்தில் இருக்கிற புவியியல் பாதியை அங்கே நடத்திவிடலாம்.

முதல் பாடம் ஆறு போகிற திசை. கேரளத்தில் 44 ஆறுகள் என்று கணக்கு. அதில் 41 ஆறுகள் மேற்கே இறங்கிப் போகின்றன. மூன்று மட்டும் கிழக்கே திரும்புகின்றன. கபினி, பவானி, நம்முடைய பாம்பாறு. மூன்றும் போய்ச் சேருவது காவிரியில். பாம்பாறு ஆனைமுடிப் பக்கத்து மலைகளில் பிறந்து, மறையூர்ப் பள்ளத்தாக்கில் இறங்கி, காட்டுக்குள் தூவானம் அருவியாகக் குதித்து, கூட்டாறு என்ற இடத்தில் சின்னாற்றோடு சேர்கிறது. அங்கிருந்து அதற்குப் பெயர் அமராவதி. அணையில் தேங்கி, தாராபுரம் வழியாகப் போய், கரூர் பக்கத்தில் காவிரியில் கலக்கிறது. ஆகவே தாராபுரத்து நேயர்களே, உங்கள் ஊர் ஆற்றில் கால் நனைத்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்த் தண்ணீரில் கால் நனைத்தவர்கள்தான்.

இரண்டாவது பாடம் மழை. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், பின்னால் ஒரு கதைக்கு இது வேண்டியிருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கடலிலிருந்து மழையைச் சுமந்துகொண்டு வருகிறது. மலையின் மேற்கு முகத்தில் ஏற ஏற, சுமையை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. மலை தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அதன் கையில் ஒன்றும் இருக்காது. மூணாற்றில் ஜன்னலைத் திறக்க முடியாத மழை பெய்கிற நாளில், சின்னாற்றில் மிளகாய் காயப்போடலாம். இதைத்தான் மழை மறைவு என்கிறோம். எங்களுக்கு மழை என்றால் அது ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்கு மழைதான்.

அதனால்தான் சின்னாற்றில் நீங்கள் பார்ப்பது முள்காடு. சதுரக்கள்ளி, வேல மரம், உசிலை, வெயிலில் வெளுத்த பாறை. கேரளம் என்றால் தென்னையும் காயலும் என்று நினைத்து வருகிறவர்கள், இது ராமநாதபுரமா என்று கேட்பார்கள். ஆனால் மேட்டில் நின்று கீழே பாருங்கள். அந்தக் காய்ந்த நிறத்துக்கு நடுவே ஆறு போகிற வழி முழுக்க இரண்டு பக்கமும் கரும்பச்சையில் ஒரு கோடு ஓடும். சேலைக்குக் கரை போட்ட மாதிரி. கரை என்ற சொல்லுக்கு இருக்கிற இரண்டு அர்த்தமும் இந்த ஒரே இடத்தில் பொருந்துகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

அந்தக் கரையில் நீர்மருது, புளி, மா, புங்கு, நாவல் எல்லாம் கிளையோடு கிளை பின்னி நிற்கும். அங்கேதான் சாம்பல் மலை அணில் இருக்கிறது. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு முற்றத்தில் ஓடுகிற மூன்று கோட்டு அணிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பூனையளவுக்கு வளர்த்து, முதுகில் அடுப்புச் சாம்பலைத் தூவி, உடம்பு நீளத்துக்கு அடர்ந்த ஒரு வாலையும் வைத்தால் இந்த அணில். உலகத்திலேயே தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டும்தான் இது உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்காகவே ஒரு சரணாலயம் வைத்தார்கள். கேரளத்தில் இதைப் பார்க்க வேண்டும் என்றால் சின்னாற்றுக்குத்தான் வர வேண்டும்.

இந்த அணில் கூடுமானவரை தரையில் இறங்காது. சாப்பாடு, தூக்கம், குட்டி எல்லாம் மரத்தின் மேலேதான். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவித்தான் போகும். ஆகவே நடுவில் ஒரு மரத்தை வெட்டினால், நமக்கு அது ஒரு மரம், அணிலுக்கு அறுந்த பாலம். கூட்டையும் கிளைகள் ஒன்றோடொன்று தொடும் உச்சியில்தான் கட்டும். ஒரு பக்கம் ஆபத்து வந்தால் மறு பக்கம் ஓடிவிடலாம் அல்லவா? சுள்ளியும் பச்சை இலையும் சேர்த்துக் கட்டிய பெரிய உருண்டை அது. ஒரே அணில் இரண்டு மூன்று கூடு வைத்திருக்கும்.

அதைப் பார்ப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. உட்கார வேண்டும். நடந்துகொண்டே இருந்தால் தெரியாது. ஒருமுறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு போயிருந்தோம். ஒரு மணி நேரம் நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. காலில் கொப்புளம் வந்த ஒரு சிறுமி மட்டும் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் திரும்பி வந்தபோது வாயில் விரல் வைத்து எங்களை நிறுத்தினாள். அவள் மடியில் புளியங்காய்த் தோடு விழுந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், பின்னங்கால் இரண்டாலும் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, முன்கைகளில் காயை வைத்து உருட்டி உருட்டிக் கடித்துக்கொண்டிருந்தது அணில். வால் மறுபக்கம் தராசுக் கல் மாதிரி தொங்கிச் சமன் செய்துகொண்டிருந்தது. அன்றையிலிருந்து யாரைக் கூட்டிப் போனாலும் நான் சொல்வது அதுதான், உட்காருங்கள்.

சரி, இப்போது நான் சொன்ன அந்தக் கதை.

ஆடி மாதம். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் 22 பேர். வனத்துறையில் அனுமதி வாங்கி, வழிகாட்டியாக ஒரு முதுவர் பெரியவர் வந்தார். முதுவர்கள் இந்த மலைகளின் பழங்குடி. மதுரைப் பக்கத்திலிருந்து சாமியை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். இந்தப் பெரியவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேச மாட்டார். அவர் நின்றால் நாங்கள் நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பார். யானை இருந்தால் நம் வாடை அதற்குப் போகக் கூடாது.

நல்ல வெயில். வானத்தில் துண்டு மேகம்கூட இல்லை. ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல் எண்ணலாம் போல. நடு ஆற்றில் ஒரு பெரிய தட்டுப் பாறை. பையன்கள் கேட்டார்கள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். எல்லோரும் பாறையில் ஏறி உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். புளிச்சோறு. பெரியவர் மட்டும் கரையிலேயே குந்தியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து தண்ணீருக்குள் இறங்கினார். மிதந்து வந்த ஓர் இலையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, குரலைக்கூட உயர்த்தாமல், "சாரே, பிள்ளைங்களக் கரையேத்துங்க" என்றார். சோறு முடியட்டுமே என்றேன். "சோத்த விடுங்க சாரே, இப்ப ஏத்துங்க" என்றார்.

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, நான் விசிலை ஊதிவிட்டேன். பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டுப் பையன்கள் கரைக்கு வந்தார்கள். எண்ணினேன், 22. இன்னொரு தடவை எண்ணினேன். அதற்குள் தண்ணீரின் நிறம் டீயாக மாறிக்கொண்டிருந்தது. அதுவரை சளசளவென்று கேட்ட சத்தம் அடங்கி, பூமிக்குள் லாரி ஓடுகிற மாதிரி ஒரு உறுமல். சுள்ளி, சருகு, நுரை, அப்புறம் வேரோடு ஒரு மரம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். பொட்டலம் கட்டின வாழையிலை ஒன்று மட்டும் சுழன்றுகொண்டே போனது. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் அதே வெயில்.

அந்த இலையில் என்ன பார்த்தீர்கள் என்று பிறகு கேட்டேன். பெரியவர் அதை இன்னும் கையில் வைத்திருந்தார். "பச்சை இலை சாரே. இந்த மரம் இங்க இல்ல, மேல சோலையில நிக்குது. காம்போட பிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். காய்ந்த இலை மிதந்து வந்தால் தானாக உதிர்ந்தது. மேட்டுச் சோலையின், அதாவது மேலே இருக்கிற ஈரமான மலைக்காட்டின், பச்சை இலை காம்போடு பிய்ந்து வந்தால், மேலே காற்றும் மழையும் அடித்து நொறுக்குகிறது என்று பொருள். மழை மறைவு என்று பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். மறைவில் இருப்பது நாம்தான், ஆறு பிறக்கிற இடம் மறைவில் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பெற்றோர்களே, பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போகிறவர்களே, இதை இன்னொரு தடவை சொல்கிறேன். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை நம்பி ஆற்றில் இறங்காதீர்கள். தண்ணீர் கலங்கினால், சத்தம் மாறினால், பச்சை இலையும் நுரையும் வந்தால், செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் இறங்கவே வேண்டாம். கீழே அமராவதி அணையிலும் அதன் ஆற்றிலும் முதலைகள் இருக்கின்றன, காட்டிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறவை.

சின்னாற்றில் வனத்துறையே வழிகாட்டியோடு நடை ஏற்பாடு செய்கிறது. வழிகாட்டிகள் முதுவரும் மலைப்புலையருமாக அந்தந்தக் குடிகளைச் சேர்ந்தவர்கள், நீங்கள் கட்டுகிற பணத்தில் அவர்களுக்கும் பிழைப்பு. கோடையில் காட்டுத்தீ பயம் இருக்கும்போது நிறுத்திவிடுவார்கள், கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், சென்ட் வேண்டாம், பாட்டு வேண்டவே வேண்டாம். என் அபிப்பிராயத்தில் தூவானம் போகிற வழிதான் சிறந்தது. ஆலாம்பெட்டிப் பக்கம் சாலையிலிருந்து பார்த்தால் அந்த அருவி தூரத்தில் வெள்ளை நூலாகத் தெரியும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்கிறோமே, அருவிக்குப் பக்கத்தில் போய் நின்றால் அந்தப் பெயர் எப்படி வந்திருக்கும் என்று முகத்தில் தெரியும். மழையே இல்லாத காட்டில் சட்டை நனைந்துவிடும். அங்கேயும் உட்காருங்கள். கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்த நட்சத்திர ஆமைகளைப் பழக்கி விட்டிருப்பதும் இந்தக் காட்டில்தான், அதைப் பற்றி...

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். முனியறைகளைப் பற்றிப் பேசத்தான் குறிப்பு எழுதிக் கொண்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறையூர்ப் பாறைகளின் மேல் நான்கு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல் மூடிய சின்ன அறைகள் இருக்கின்றன. முனிவர்கள் தவம் செய்த அறை என்று ஊரில் சொல்வோம். பெருங்கற்காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்காகக் கட்டியவை அவை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏறினாலே சில தெரியும். எத்தனையோ கற்கள் சாய்ந்துவிட்டன. மேலே ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள், அந்த மூடுகல் சிமெண்டில் நிற்கவில்லை, எடையில் நிற்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் போனால் கல் சூடு தணிந்திருக்கும், கீழே பள்ளத்தாக்கும் கரும்புக்காடும் முழுசாகத் தெரியும்.

கோயில்கடவில் ஆற்றங்கரையிலேயே இருக்கிற தென்காசிநாதர் கோயிலைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதுவும் பெரிய கதை. ஒன்று மட்டும். கரும்புக்காட்டு ஓரத்தில் ஓலைக் கொட்டகையிலிருந்து புகையும் பாகு வாசமும் வந்தால் வண்டியை நிறுத்துங்கள். பாகு ஆறி, கையால் உருட்டுகிற பதத்துக்கு வரும் நேரம் கொஞ்சம்தான். அந்தச் சூட்டில் ஒரு உருண்டை கேளுங்கள், தருவார்கள். உருட்டினவருடைய விரல் பதிந்த தடம் அதில் இருக்கும்.

வணக்கம்.