25 கிலோ டி-ஷர்ட், ஒரு பாக்கெட் தராசு: திருப்பூர் சர்ப்ளஸ்ல லாபம் எங்க ஒளிஞ்சிருக்கு?

[திரையில்: ஒரு டி-ஷர்ட்டின் கழுத்துப் பகுதி, ரொம்பக் கிட்டத்தில்]

இந்த டி-ஷர்ட்டோட கழுத்துக்குப் பின்னாடி உத்துப் பாருங்க. லேபிளைக் கத்தரியால பாதியில வெட்டியிருக்கு. கடையில பார்த்தா "டேமேஜ் பீஸ் போல"ன்னு கீழ வெச்சிடுவோம். ஆனா பயப்பட வேண்டியது இதைப் பார்த்து இல்ல. லேபிள் முழுசா இருந்து, டேக் பளபளன்னு தொங்க, வெளிநாட்டு பிராண்ட் 150 ரூபாய்னு ஒருத்தர் நீட்டுறார் பாருங்க, அங்கதான் பயப்படணும். ஏன்னு வர்றேன்.

வணக்கம் மக்களே. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதிக்குத் தைச்சு மிஞ்சின துணி, அதை வாங்கி வித்து, பக்கத்துலயே ஒரு சின்ன பிளாக்கும் (வலைப்பதிவு) நடத்தி, சைடுல சம்பாதிக்கிறது எப்படி? இதுதான் இன்னைக்கு விஷயம். "மாசம் 1 லட்சம்"னு தலைப்பு வைக்கல, கவனிச்சீங்களா? இந்தத் தொழிலுக்கு நீங்க முதல்ல வாங்க வேண்டியது சரக்கு இல்ல, தராசு. 0.01 கிராம் வரைக்கும் காட்டுற பாக்கெட் தராசு ஒண்ணு, கிலோ கணக்குல நிறுக்க சமையல் தராசு ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். இந்த வீடியோ முழுக்க அந்தத் தராசைச் சுத்தியேதான் ஓடும்.

பின்னணியை வேகமா முடிச்சிடுவோம். இந்தியாவோட பின்னலாடை ஏற்றுமதியில பாதிக்கு மேல திருப்பூர்ல இருந்து போகுது. வெளிநாட்டு பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற கம்பெனி, 10,000 பீஸ் கேட்டா, பனியன் கம்பெனி சரியா 10,000 வெட்டாது. சாயத்துல கொஞ்சம் போகும், தையல்ல கொஞ்சம் போகும், செக்கிங்ல கொஞ்சம் கழியும். அதனால 300, 500ன்னு சேர்த்தே வெட்டுவாங்க. கழிவு கம்மியா இருந்தா மிச்சம் நிக்கும். ஷிப்மென்ட் தாமதமாகி ஆர்டர் ரத்தானா மொத்தமும் நிக்கும். இந்த மிச்சம்தான் சர்ப்ளஸ். திருப்பூர் காதர்பேட்டைக் கடைகள்ல கிலோ கணக்குலயும் பீஸ் கணக்குலயும் விக்கிறது இதுதான். பையர் பொதுவா ஒரு கண்டிஷன் போடுவார்: மிச்சத்தை உள்ளூர்ல வித்துக்கோ, என் பேர் அதுல இருக்கக் கூடாது. அதான் அந்தக் கத்தரி வெட்டு.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. லேபிள் புத்தம் புதுசா இருந்தா, அது உள்ளூர்ல அடிச்ச போலியா இருக்க வாய்ப்பு அதிகம். போலி முத்திரை போட்ட சரக்கை விக்கிறது 1999-ம் வருஷ டிரேட் மார்க்ஸ் சட்டப்படி குற்றம். 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் சிறை, 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். "நான் வாங்கித்தான் வித்தேன், தைக்கலையே"ன்னு சொன்னா மட்டும் தப்பிக்க முடியாது. லேபிள் வெட்டின ஒரிஜினலே கையில இருந்தாலும், விளம்பரத் தலைப்புல பிராண்ட் பேரைப் போடாதீங்க.

சரி, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வருவோம். கடைக்காரர் "நல்ல கனமான துணி சார், 180 ஜிஎஸ்எம்"னு சொல்றார். அது நிஜமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

[திரையில்: அளவுகோல், கத்தரி, பாக்கெட் தராசு]

ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல. கம்பெனியில இதுக்குன்னே வட்டமா வெட்டுற கட்டர் இருக்கு. அது வெட்டுற வட்டத்தோட பரப்பு சரியா 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர்ல நூத்துல ஒரு பங்கு. நமக்கு அந்தக் கட்டரெல்லாம் எதுக்கு? லாட்டுல, அதாவது மொத்தமா வாங்குற மூட்டையில, எப்படியும் ஒரு ஓட்டை பீஸ் இருக்கும். அதுல 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு வெட்டுங்க. தராசுல வைங்க. 1.80 கிராம் காட்டினா நூறால பெருக்கிக்கோங்க, 180 ஜிஎஸ்எம். 1.45 காட்டினா கடைக்காரர் உங்ககிட்ட கதை விட்டிருக்கார். நெஞ்சு, முதுகு, பக்கவாட்டுன்னு அஞ்சு இடத்துல வெட்டி சராசரி எடுத்தா இன்னும் நல்லது. சாதாரண டி-ஷர்ட்டுக்கு 180 போதும். 150-க்குக் கீழன்னா வெளிர் நிறத்துல உள்ள போட்ட பனியன் தெரியும். இப்ப ஓடுற ஓவர்சைஸ் மாடலுக்கு 220, 240ன்னு வேணும். தராசே சரியான்னு சந்தேகம் வந்தா ஒரு 10 ரூபாய் காசை வைங்க. ரெண்டு உலோகம் சேர்ந்த காசு, 7.7 கிராம் சுத்தி காட்டணும்.

இன்னொரு வேடிக்கை. பருத்தி, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். சாதாரண நாள்லயே அதோட எடையில 7, 8 சதவீதம் தண்ணிதான். அடைமழை நேரத்துல இது இன்னும் ஏறும். அப்ப போய் கிலோ கணக்குல வாங்கினா, பனியன் விலையில தண்ணி வாங்குறோம்! பைக்குள்ள கைய விட்டு, துணி சில்லுன்னு இருந்தா பீஸ் கணக்குக்கு மாறிடுங்க.

அடுத்தது சுருக்கம். துணியில நீளவாக்குல ஒரு 20 சென்டிமீட்டர் கோடு, குறுக்குவாக்குல ஒண்ணு, துவைச்சா போகாத மார்க்கர்ல போடுங்க. துவைச்சு, நிழல்ல காயவெச்சு, திரும்ப அளங்க. 19 ஆயிருந்தா 5 சதவீதம், அதுவரைக்கும் பொறுத்துக்கலாம். 18 ஆயிருந்தா அந்த லாட்டை விட்டுடுங்க. அப்படியே பக்கவாட்டுத் தையலையும் பாருங்க, அது முன்பக்கம் திரும்பி வந்திருக்கா? நூலோட முறுக்கு துவைச்சதும் தளரும்போது சிங்கிள் ஜெர்சி, அதாவது டி-ஷர்ட்டுக்கு வழக்கமா போடுற பின்னல் துணி, ஒரு பக்கமா இழுத்துக்கும். போட்டுப் பார்த்தா உடம்பே கோணலா இருக்கிற மாதிரி தெரியும். வாடிக்கையாளர் ஒரு தரம்தான் வாங்குவார். கருப்பு, நேவி, மெரூன் பீஸ்களை ஈர வெள்ளைத் துணியால பத்து தேய் தேய்ங்க. சாயம் ஒட்டினா, பக்கத்து வீட்டு வேட்டியும் சேர்ந்து நீலமாகும். காட்டனான்னு தெரிய ஓரத்துல ஒரு நூல் உருவிப் பத்த வைங்க. பேப்பர் வாசனையோட சாம்பலானா பருத்தி, உருகி உருண்டையானா பாலியஸ்டர்.

இப்ப விலை. இங்கதான் நிறைய பேர் கால் இடறுறாங்க. கணக்குக்காக ஒரு லாட் எடுத்துப்போம்: 25 கிலோ, கிலோ 400 ரூபாய், மொத்தம் 10,000. எல் சைஸ் டி-ஷர்ட் ஒண்ணு 190 கிராம்னு வைங்க. 131 பீஸ் வரும். ஒண்ணு 76 ரூபாய். "அடேங்கப்பா!"ன்னு தோணும். பொறுங்க. வீட்டுக்கு வந்து பிரிச்சா ஓட்டை, எண்ணெய்க் கறை, ஒரு கை நீளம் ஒரு கை குட்டைன்னு 20 கழியுது. மிச்சம் 111. பார்சல் சர்வீஸ் 700 ரூபாய். 10,700-ஐ 111-ஆல வகுத்தா 96. கவர், ஸ்டிக்கர் 8 ரூபாய். ஆக 104. விலை போடுறப்ப மனசுல இருக்க வேண்டியது இந்த 104. அந்த 76-ஐ மறந்துடுங்க.

அதே 25 கிலோ, குழந்தைங்க டி-ஷர்ட்? ஒண்ணு 90 கிராம். 277 பீஸ்! ஒண்ணு 36 ரூபாய். ஆனா 277 பீஸையும் ஒவ்வொண்ணா பிரிச்சு, பார்த்து, அளந்து, மடிக்கணும். ஞாயித்துக்கிழமை மொத்தமும் போயிடும். வீட்ல ஆள் இருந்தா குழந்தைங்க சரக்கு, தனி ஆளா இருந்தா பெரியவங்க சரக்கு. இது என் கட்சி, மறுக்கிறவங்க கமெண்ட்ல வாங்க.

லாட் பேசுறப்ப மறக்காம கேட்க வேண்டியது சைஸ் ரேஷியோ, அதாவது எந்த சைஸ்ல எத்தனை பீஸ்ங்கிற கணக்கு. எம், எல் ரெண்டையும் முன்னாடி வந்தவர் அள்ளிட்டுப் போயிருப்பார். மூட்டையோட மேல எல் தெரியும், அடியில பூரா எக்ஸ்எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் கிடக்கும். அடியில கைய விட்டு எடுத்துப் பாருங்க. "ஃப்ரெஷ்"ஷா (குறை இல்லாதது), "செகண்ட்ஸ்"ஸா (குறை உள்ளது), "மிக்ஸ்"ஸான்னு (ரெண்டும் கலந்தது) வாயால கேட்டு, பில்லுலயும் எழுதி வாங்குங்க. வித்த சரக்கைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அங்க பெரும்பாலும் கிடையாது.

[திரையில்: ஒரே ரெண்டு டி-ஷர்ட்; ஒரு அட்டைப்பெட்டி, ஒரு தட்டையான கவர்]

தராசு மறுபடியும் வருது, இந்தத் தடவை கூரியர் ஆபீஸ்ல. கூரியர்காரங்க ரெண்டு எடை பார்ப்பாங்க. ஒண்ணு நிஜ எடை. இன்னொண்ணு இடத்தோட எடை: நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல வகுப்பாங்க. எது அதிகமோ அதுக்குத்தான் காசு. ரெண்டு டி-ஷர்ட்டை 30-க்கு 25-க்கு 8 பெட்டியில போட்டா 1.2 கிலோ. அதே ரெண்டையும் காத்தை அமுக்கி எடுத்து, 3 சென்டிமீட்டர் கனத்துல கவர்ல போட்டா 0.45 கிலோ. சரக்கு அதேதான், நீங்க அனுப்பினது முக்கால் கிலோ காத்து!

கூரியர் விலை பெரும்பாலும் அரைக்கிலோ படியில ஏறும். 190 கிராம் பீஸ் ரெண்டு சேர்ந்தா 380, கவரோட 400. ஒரு பீஸ் அனுப்பினாலும் ரெண்டு அனுப்பினாலும் ஒரே காசு. மூணாவது பீஸ் வெச்சதும் அடுத்த படி. அதனால "ரெண்டு 549"னு ஜோடியா வில்லுங்க. கூரியர் 65ன்னு வெச்சா, ஒரு பீஸை 299-க்கு வித்தா கையில நிக்கிறது 130. ஜோடியில 276, அதாவது பீஸுக்கு 138. விலையைக் குறைச்சும் லாபம் கூடுது.

இப்ப இதைக் கவிழ்க்கிற ஆளு: கேஷ் ஆன் டெலிவரி. 299 ரூபாய் பீஸ் 10 அனுப்புறீங்க, 3 திரும்பி வருது. போற கூலி 650, திரும்பி வர்ற கூலி பீஸுக்கு 55ன்னா 165. மொத்தம் 815. இதை வித்த 7 பீஸ்தான் சுமக்கணும், ஆளுக்கு 116. லாபம் 130-ல இருந்து 79-க்கு இறங்குது. திரும்பி வந்த கவர் கசங்கியிருக்கும், அதுக்குத் தனியா வேலை. முன்பணமா 50 ரூபாய் மட்டும் யுபிஐல வாங்கிப் பாருங்க. சும்மா ஆர்டர் போட்டுப் பார்க்கிறவங்க அங்கயே கழண்டுக்குவாங்க.

வரி, ஒரே மூச்சுல. தமிழ்நாட்டுக்குள்ளயே சரக்கு வித்தா வருஷ வியாபாரம் 40 லட்சம் தாண்டுற வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். வேற மாநிலத்துக்கு ஒரு பீஸ் அனுப்பணும்னாலும் பதிவு வேணும். கடலூர்க்காரங்களே, பாண்டிச்சேரி உங்களுக்குப் பக்கத்து ஊரு, ஜிஎஸ்டிக்கு வேற மாநிலம்! ஆன்லைன் தளங்கள்ல, 2023 அக்டோபர் 1-ல இருந்து, பதிவில்லாத சின்ன வியாபாரியும் ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கிட்டு சொந்த மாநிலத்துக்குள்ள விக்கலாம்.

கடைசியா பிளாக். இங்க ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கோங்க. பிளாக்ல விளம்பரம் போட்டுக் காசு தர்ற கூகுளோட ஆட்சென்ஸ் 2018-ல இருந்து தமிழை ஏத்துக்குது, கூகுளோட பிளாக்கர் தளத்துல தொடங்க காசே வேண்டாம், எல்லாம் சரி. ஆனா 10 டாலர் சேர்ந்தாதான் முகவரியைச் சரிபார்க்க பின் நம்பர் தபால்ல வரும், 100 டாலர் சேர்ந்தாதான் பணம் வரும். தமிழ்ப் பக்கத்துக்கு விளம்பர விலை கம்மி, அந்த 100-க்கு மாசக்கணக்குல காத்திருக்கணும். பொறுமை போய் சொந்த விளம்பரத்தை நீங்களே கிளிக் பண்ணினீங்கன்னா கணக்கே போயிடும். அமேசான் மாதிரி இடத்து அஃபிலியேட் லிங்க் போடலாம். அதை ஒருத்தர் தொட்டு 24 மணி நேரத்துக்குள்ள பொருளைக் கார்ட்ல போட்டாதான் பொதுவா கமிஷன். உங்க லிங்க்ல நீங்களே வாங்குறது விதிப்படி செல்லாது. "இதுல எனக்குக் கமிஷன் வரும்"னு பக்கத்துல தெளிவா எழுதவும் வேணும்.

அப்புறம் எதுக்கு பிளாக்? ரிட்டர்னைக் குறைக்க. லேபிளோட சைஸும் போயிடுது, அதுவும் ஐரோப்பிய எல் சைஸ் பொதுவா நம்ம ஊரு எல் சைஸைவிடப் பெருசா இருக்கும். "எல் சைஸ் இருக்கா?"ங்கிற கேள்விக்கு நேரா பதில் சொல்ல முடியாது. அதனால ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு பக்கம் எழுதுங்க: நெஞ்சு அகலம் அக்குள்ல இருந்து அக்குள் வரைக்கும் எத்தனை இன்ச், நீளம் எத்தனை, ஜிஎஸ்எம் எத்தனை, துவைக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ. வாட்ஸ்அப்ல கேட்கிறவங்களுக்கு அந்த லிங்க்கை அனுப்புங்க. கூடவே "5 வயசுக் குழந்தைக்கு எந்த அளவு?", "டி-ஷர்ட் ஏன் ஒரு பக்கமா திரும்புது?"ன்னு ஜனங்க தேடுற கேள்வியையே தலைப்பா வெச்சு வாரம் ஒண்ணு எழுதுங்க. வேற தளத்துல இருந்து ஒட்டினா ஆட்சென்ஸ் விண்ணப்பமும் திரும்பி வரும். நீங்க அளந்த அளவு, நீங்க எடுத்த போட்டோ, அது வேற யார்கிட்டயும் இல்ல.

[திரையில்: சமையல் தராசின் மேல் மடித்த டி-ஷர்ட்]

இப்ப உங்க வேலை. அலமாரியில இருந்து ஒரு டி-ஷர்ட் எடுங்க, சமையல் தராசுல வைங்க. சைஸ், கிராம், வாங்கின விலை மூணையும் கமெண்ட்ல போடுங்க. எல் சைஸ்ல 140 கிராம் கூட வராத டி-ஷர்ட்டை 800 கொடுத்து வாங்கினவங்க கண்டிப்பா ரெண்டு பேராவது வருவாங்க. ஒரு வாரம் கழிச்சு எல்லாத்தையும் சேர்த்து ஒரு பட்டியல் போடுறேன்.