அரசியல் பேசாதீர்

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், நூலக வார விழாவில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் நூலகர் போன் செய்து, "சார், விழாவுக்கு நீங்க ஏதாவது பேசணும்" என்றார். தலைப்பு கேட்டேன். "சினிமா, டிவி, அரசியல், எதுன்னாலும் சரி, சும்மா பேசுங்க" என்றார். முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு இவ்வளவு தாராளமாக யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் சும்மா பேசுவதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

எனக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது ஒரு சலூன். பஜார் முக்கில் இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, ரசம் போன கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: 'இங்கு அரசியல் பேசாதீர்'. நீங்களும் பார்த்திருப்பீர்கள், டீக்கடைகளிலும் தொங்கும். திராவிட இயக்கப் பத்திரிகைகளை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு வளர்ந்த இடங்கள் இவை. யாரும் பேசாத இடத்தில் பேசாதே என்று யாராவது எழுதி மாட்டுவார்களா?

சலூன்கார அண்ணாச்சியைப் பொறுத்தவரை அந்தப் பலகை வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான். அவர் பேசுவார். கழுத்தில் கத்தி இருக்கும்போது எவன் மறுத்துப் பேசுவான்?

நாங்கள் பலகைக்குக் கட்டுப்பட்டு சினிமா பேசினோம். தமிழ்நாட்டில் சினிமா பேசினால் அரசியல் தானாக வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடும் என்பது வேறு விஷயம். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் இருக்கும் அவருடைய படம் போஸ்டராக ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அந்தப் போஸ்டர் ஒன்று சலூனில் வெகுகாலம் இருந்தது. அதைக் காட்டி அண்ணாச்சி சொல்வார்: "ஒரு வசனம் கிடையாது, ஒரு சண்டை கிடையாது. அவரு நடிச்சதுலயே பெரிய ஹிட்டு இதுதாம்ல." சொன்னவர் எம்.ஜி.ஆர். ரசிகர், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் சலூனுக்குப் போனது முடி வெட்ட மட்டும் இல்லை. பெஞ்சில் தினத்தந்திக்கு அடியில் அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் கிடக்கும். 1972-இல் சிவகாசியில் இருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது அது. எனக்கு அப்போது பத்து வயது. பிரிட்டனில் 1962-இல் வந்த தொடரின் தமிழ் வடிவம் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

இதை வைத்து நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமில்லை. உடம்பு மறைகிறது சரி, சட்டை ஏன் மறைகிறது? மறைந்த நேரத்தில் சாப்பிட்டால் சோறு தெரியுமா? எங்கள் ஊரில் பாதி நேரம் கரண்டே இருக்காது, மாயாவி இங்கே வந்து பிளக்கில் விரலை விட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் அண்ணாச்சி யாருக்கோ கிருதாவை ஒதுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "எந்தக் கை போச்சோ, அந்தக் கையத்தாம்ல ஊரு பாக்கு."

அப்புறம் நான் எத்தனையோ விமர்சனக் கட்டுரைகள் படித்துவிட்டேன். அந்தக் கதையைப் பற்றி இதைவிட நல்லதாக ஒரு வரி கிடைக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவர் எதையும் நிரூபிக்க வரவில்லை. சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டிவி எங்களுக்குத் தாமதமாக வந்தது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-இலேயே வந்தாலும், எங்கள் பக்கத்துக்கு முதலில் எட்டியது இலங்கையின் ரூபவாஹினிதான். 1982-இல் அவர்கள் ஆரம்பித்தார்கள். உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, மாடியில் ஒருவன் திருப்புவான், கீழே இருந்து ஒருவன் கத்துவான்: "இன்னும் கொஞ்சம்... ஏ, தாண்டிட்டு, திருப்பு!" சிங்களம் ஒரு வார்த்தை புரியாது. செய்தி வாசிப்பவரின் முகத்தை வைத்தே அன்றைய நிலவரத்தை அண்ணாச்சி கணித்துவிடுவார். மறுநாள் பேப்பரில் வேறு மாதிரி வந்தால், "நேத்து அப்படித் தோணுச்சு" என்று முடித்துக்கொள்வார்.

இந்த 'நேத்து அப்படித் தோணுச்சு' இருக்கிறதே, சும்மா சொல்லும் கருத்துக்கு உள்ள பெரிய வசதி அது. மாற்றிக்கொள்ளக் காசு செலவில்லை, மானமும் போகாது.

1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். எம்.ஜி.ஆர். முதலமைச்சர். சட்டசபையை அவமதித்ததாக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். பத்திரிகையாளர்கள் கொதித்தார்கள். சில நாளில் விடுதலை செய்தார்கள். பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார் அவர்.

அண்ணாச்சிக்குத் தர்மசங்கடம். முதல் நாள், "தலைவரு ஆட்சியில இப்படிப் போடலாமா?" என்று குதித்தார். இரண்டு நாள் கழித்து நான் ஷேவிங்குக்குப் போனபோது குரல் இறங்கியிருந்தது. "சோலி என்னன்னா தம்பி, அதப் படிச்சிட்டு நானும் சிரிச்சிட்டம்லா. அப்ப என்னையும்லா உள்ள போடணும்?" அவருடைய கட்சி அப்படியே இருந்தது, கருத்து நகர்ந்துவிட்டது.

2006-இல் இலவச கலர் டிவி வாக்குறுதி வந்தபோது அவருக்கு வயதாகிவிட்டது. பெஞ்சில் இரண்டு அணி. ஏழை வீட்டுக்கு டிவி எதற்கு என்று கேட்டவர்கள் எல்லோர் வீட்டிலும் டிவி இருந்தது. இதை நான் அன்றே கவனித்தேன், வெளியே சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. அண்ணாச்சியின் தீர்ப்பு அதற்கு முன்பே வந்திருந்தது: "பொட்டி இலவசம். கேபிளுக்கு மாசாமாசம் எவன் குடுப்பான்?"

இன்றைக்கு நாங்கள் சும்மா பேசிய வேலையை டிவியில் ஆள் வைத்துச் செய்கிறார்கள். ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணிக்குக் கட்டம் கட்டமாக முகங்கள். யார் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பெயருக்குக் கீழே போட்டிருக்கும் கட்சியைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. 'நேத்து அப்படித் தோணுச்சு' என்று அங்கே ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாவம், சொன்னால் மறுநாள் கூப்பிடமாட்டார்கள், கட்சியிலும் விடமாட்டார்கள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. மகன் கடையை எடுத்துக் கட்டியிருக்கிறார். ஏ.சி., சுழலும் நாற்காலி எல்லாம் வந்துவிட்டது. அப்பா ஞாபகமாகப் பழைய பலகையை மட்டும் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டியிருக்கிறார். அதற்கு நேர் கீழே பெரிய டிவி.

போன மாதம் போயிருந்தேன். டிவியில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை மூடி வைத்திருந்தார். பெஞ்சில் நான்கு பையன்கள், நான்கு செல்போன், ஒரு பேச்சு இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "என்னப்பா சண்டை, எதைப் பத்தி?" என்று டிவியைக் காட்டிக் கேட்டேன்.

தம்பி நிமிர்ந்து டிவியைப் பார்த்தார், மேலே பலகையைப் பார்த்தார். பிறகு என் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பிவிட்டு, "மீசையக் கொஞ்சம் ஒதுக்கட்டுமா, சார்?" என்றார்.

வணக்கம்.