பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் ஹட்டனிலிருந்தும் டிக்கோயாவிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஆண்டவரோடு நாம் சேர்வது நம்முடைய தேடலாலா, அவர் நம்மைத் தேடி வருவதாலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய டீச்சர் நம்முடைய தேடலால்தான் என்றார். இயேசுவைப் பார்க்கச் சகேயு மரத்தில் ஏறினான், வீட்டை விட்டுப் போய்க் கெட்டுப்போன இளைய குமாரன் எழுந்து தகப்பனிடம் நடந்தான், எரேமியா 29-ஆம் அதிகாரமும் முழு இருதயத்தோடு தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்கிறது என்றார். சிவனொளிபாதமலையையும் காட்டினார். டிசம்பரிலிருந்து மே வரை அங்கே படியேறுகிறவர்களைப் பாருங்கள், ஏறுகிறவருக்குத்தானே தரிசனம் என்று கேட்டார்.

அந்தப் படிகளில் ஏறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கைப்பிள்ளையோடு இரவெல்லாம் ஏறுகிற தாய்மாரின் பக்தியை ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன். மனிதர் தேடுவது உண்மை. முதல் அடியை யார் எடுத்து வைத்தார் என்பதுதான் என் கேள்வி.

சகேயுவை எடுத்துக்கொள்வோம். எரிகோவில் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன், ஊர் ஒதுக்கிவைத்த மனிதன். இயேசு எப்படிப்பட்டவர் என்று பார்க்கத்தான் காட்டத்தி மரத்தில் ஏறினான். பார்த்துவிட்டு இறங்கி வீட்டுக்குப் போயிருப்பான். அவரோ மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்து, "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா" என்கிறார். யாரும் அவனை அறிமுகம் செய்துவைத்ததாக லூக்கா எழுதவில்லை. பேர் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது! அந்த வீட்டில் வைத்துத்தான், இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்தார் என்று சொல்கிறார்.

சரி, இளைய குமாரன் நடந்துதான் வந்தான். ஆனால் ஓடியது யார்? "அவன் தூரத்தில் வரும்போதே" தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடினான். டீச்சர் மூத்தவனை மறந்துவிட்டார். அவன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான், ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. அவனிடமும் தகப்பன் வெளியே வந்து வருந்தியழைக்கிறார். ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளுக்காக இரண்டு தடவை வீட்டை விட்டு வெளியே வந்த தகப்பன் அவர்.

எரேமியா 29 பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம். "தேடினீர்களானால்" என்பது 13-ஆம் வசனம். அதற்கு முன்னால், 11-இலேயே, உங்கள்மேல் நான் கொண்டிருக்கும் நினைவுகளை அறிவேன் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். அவர்கள் தேடத் தொடங்குமுன் கடிதம் அவர்களைத் தேடிப் போய்விட்டது.

ஒரு பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைக் கூட்டித் தேடுகிற காணாமற்போன காசின் கதை லூக்கா 15-இல் இருக்கிறது. அதற்கு நமக்கு வியாக்கியானமே வேண்டாம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பகலிலும் இருட்டுத்தான். சில்லறை கீழே விழுந்தால் குப்பிலாம்பைக் கொளுத்திக்கொண்டு மூலை மூலையாகக் கூட்டுவோம். அந்தக் காசு நம்மைத் தேடுமா? தான் தொலைந்ததே அதற்குத் தெரியாது. தன்னைத் தேடத் தெரியாதவரையும் ஆண்டவர் தேடுகிறார் என்று இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது?

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளத்துக்குச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழும் பதிவு. நிர்ணயித்த கிலோ தேயிலைக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். நம்மைத் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் எண்ணினார்கள். 1948-இல், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனமான நமக்குக் குடியுரிமை போனது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தக் கணக்கில் என் அப்பாயி ஒரு பக்கம், அவருடைய தங்கை மறு பக்கம். தங்கை கோச்சியேறித் தலைமன்னார் போய், இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார். அப்பாயி சாகும்வரை ஜெபத்தில் அந்தத் தங்கையின் பேரைச் சொன்னார். இலட்சங்களில் எண்ணப்பட்ட சனத்துக்கு, மேய்ப்பன் "தன்னுடைய ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டு" நடத்துகிறான் என்ற யோவான் 10-ஆம் அதிகாரம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு ஐந்து வயதிருக்கும். ஒரு நாள், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவிலிருந்து வெளியே போய்விட்டேன். மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. நான் வழி தவறியதுகூடத் தெரியாமல் தேயிலைக்குள் உட்கார்ந்து பூப் பறித்துக்கொண்டிருந்தேன். நான் யாரையும் தேடவில்லை. செய்தி கேட்டதும் அம்மா பாதிக் கூடைக் கொழுந்தைத் தேயிலை நிரையிலேயே வைத்துவிட்டு, மலை முழுக்க என் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் குரல்தான் வந்தது, ஆள் வந்தது பிறகுதான். கால் இரண்டிலும் அட்டை கடித்த இரத்தம். அன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. அதைப்பற்றி ஒரு நாளும் என்னிடம் குறைசொன்னதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற சித்திதான் பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னார்.

அதன்பிறகு சிலுவையைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பாதிக் கூடைதான் எனக்கு ஞாபகம் வரும். கலாத்தியருக்கு எழுதும்போது பவுல், என்னில் அன்புகூர்ந்து "எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த" தேவகுமாரன் என்கிறார். உலகத்துக்காக என்றோ நமக்காக என்றோ எழுதியிருக்கலாம். சபையைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்த மனிதன் அவர். தமஸ்குவுக்குப் போகும் வழியில் "சவுலே, சவுலே" என்று, சவுல் என்ற தன் பேரையே கேட்டவர். அன்று அவர் ஆண்டவரைத் தேடிப் போகவில்லை, ஆண்டவருடைய ஆட்களைக் கட்டிக்கொண்டுவரப் போனார்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். உங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கிறேன். நன்றி.