கையில் இருக்கும் கருவி போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பாட்டுக் கேட்பதற்கென்றே நாம் வைத்திருக்கும் சிறு கருவிக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது என்ற செய்தி காதில் விழுந்தவுடன், நேற்றுவரை குறையின்றிப் பாடிக்கொண்டிருந்த நம் கருவி திடீரென்று பழசாகிப்போனதுபோல் தோன்றுகிறது. திரை சற்றுப் பளிச்சென்று, கொள்ளளவு சற்றுக் கூடி, உடல் சற்று மெலிந்து வரும் அந்தப் பதிப்புக்காகப் பணம் செலவழிக்கலாமா என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் வேண்டியதில்லை.

இந்தக் கருவிகளின் வரலாற்றில் உண்மையான பாய்ச்சல்கள் சில உண்டு. 1979இல் வந்த வாக்மேன் என்னும் கையடக்கக் கேசட் பிளேயர், இசையை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது. 1998இல் விற்பனைக்கு வந்த முதல் எம்பி3 பிளேயர்களில் 32 எம்பி நினைவகம்தான் இருந்தது. வழக்கமான தரத்தில் ஏறக்குறைய அரை மணி நேரப் பாட்டு அதில் அடங்கும். மூன்றே ஆண்டுகளில், 2001இல், 5 ஜிபி வட்டுடன் வந்த ஆப்பிளின் ஐபாட், ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பைக்குள் வைத்தது. அன்று பழையதை விட்டுப் புதியதற்கு மாறியவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் பல அப்படிப்பட்டவை அல்ல.

2005இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடையும், அதையே திருத்தி 2006இல் வெளியிட்ட பதிப்பையும் எடுத்துக்கொள்வோம். எம்பி3 கோப்பு உருவாகும் முறையால், ஒவ்வொரு பாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நொடியின் சிறு பின்னம் அளவுக்கு வெற்று மௌனம் சேர்ந்துவிடும். தனிப்பாட்டில் அது தெரியாது. ஆனால் ஒரு நேரடி நிகழ்ச்சியின் பதிவில், கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த பாடல் தொடங்கும் இடத்தில், சத்தம் அறுந்து மீண்டும் ஒட்டும். அது காதை உறுத்தும். அந்த இடைவெளியை நீக்கும் வசதி 2006 பதிப்போடு வந்தது, அதே வசதி முந்தைய ஆண்டுக் கருவிக்கும் மென்பொருள் புதுப்பிப்பாகக் கிடைத்தது. இசை கேட்பவருக்கு மிகவும் பயன்பட்ட மாற்றத்துக்குப் புதிய கருவியே தேவைப்படவில்லை. அதனால்தான், வாங்குவதற்கு முன் நம் கருவிக்குப் புதுப்பிப்பு ஏதேனும் காத்திருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன்.

புதியது எப்போதும் முன்னேற்றம்தான் என்றும் எண்ண வேண்டாம். 2009இல் வந்த ஐபாட் ஷஃபிளில் பாடலை மாற்றும் பொத்தான்களைக் கருவியிலிருந்து எடுத்து இயர்போன் கம்பியில் வைத்தார்கள். மறு ஆண்டே அவை கருவிக்குத் திரும்பிவிட்டன. 2009இல் ஐபாட் நானோ என்னும் இன்னொரு சிறு கருவிக்கு வந்த வீடியோ கேமரா 2010இல் காணாமல் போனது. வீடியோ பார்க்கும் வசதியும் அதனுடன் போய், 2012இல்தான் மீண்டும் வந்தது.

ஒலித்தரம் கூடியிருக்கிறது என்று சொல்லும்போதுதான் பலரும் மனம் இளகுகிறோம். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, அதில் பாதி அதிர்வெண் வரை பிடித்துவிடும் குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தரமே மனிதக் காது கேட்கக்கூடிய ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையை முழுமையாகத் தொட்டுவிடுகிறது; வயது ஏற ஏற அந்த எல்லையும் நமக்குக் குறைந்துகொண்டே போகிறது. இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டின் ஒலியளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மிகச் சிறிதளவு சத்தம் கூடுதலாக ஒலித்தாலும், நம் மனம் அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாமல் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். ஒலியில் மாற்றம் வேண்டுமென்றால் அதே பணத்தில் நல்ல இயர்போன் வாங்குவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் பிளேயரில் இடது காதுப் பக்கம் பாட்டு விட்டுவிட்டு வந்தது. வேறு இயர்போனைச் செருகிப் பார்த்தேன், அதே கதைதான். கருவியின் ஆயுள் முடிந்தது என்று புதிய பதிப்பை விசாரிக்கவே தொடங்கிவிட்டேன். ஒரு நாள் இயர்போன் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. கருவியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டினேன். சட்டைப்பை நூல்துகள் ஒரு சிறு உருண்டையாகத் திரண்டு வந்தது. இயர்போனின் முனை முழுதாக உள்ளே போய் 'டக்' என்று பொருந்தியது. இரு காதிலும் பாட்டு நிறைந்தது.

பேட்டரியும் இப்படித்தான். லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஆனதும் தேய்ந்து, தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. அது கருவியின் முதுமை அன்று, மாற்றக்கூடிய ஓர் உறுப்பின் தேய்மானம். பேட்டரி உப்பித் திரையைத் தூக்கியிருந்தால் மட்டும் நீங்களே நெம்பாமல், பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாற வேண்டிய தருணங்களும் உண்டு. ஆண்ட்ராய்டில் இயங்கும் பிளேயருக்குப் புதுப்பிப்புகள் நின்று, நீங்கள் பாட்டுக் கேட்கும் செயலி இனி அதில் ஓடாது என்றாகிவிட்டால் வேறு வழியில்லை. தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகச் சேமிப்பவருக்கு நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுக்கே 25 எம்பி அளவுக்கு இடம் வேண்டும். மெமரி கார்டு செருக வழியில்லாத 16 ஜிபி கருவி 600 பாட்டில் நிரம்பிவிடும். அன்றாடம் முட்டிக்கொள்ளும் இப்படியொரு சுவரைப் புதிய பதிப்பு இடிக்கிறதென்றால், அது சிறு மாற்றமாக இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம்.

என் கருவியில் இப்போது குறைவது இடம் ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் எதையாவது அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுகிறேன். அடுத்த பதிப்பில் கார்டு செருகும் துளை வந்தால் வாங்குவேன்; திரை மட்டும் பெரிதாகி வந்தால், பழையதிலேயே தொடர்ந்து கேட்பேன்.

நன்றி, வணக்கம்.