ஒயர் அறுந்தால் ஒட்டலாம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஹெட்போனுக்கு மதிப்பு அதிகம் இருந்தது அன்றா, இன்றா? அன்றுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

ஒயர் சிக்கல் ஒழிந்தது, விமான இரைச்சலும் அடங்கியது என்று எதிரணித் தோழி சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். 1978-இல் விமானத்தில் போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு உதித்த இரைச்சலை அடக்கும் யோசனை, 2000-இல் ஹெட்போனாகச் சாதாரணப் பயணிகளின் காதுக்கு வந்தது. பெரிய சாதனைதான். ஆனால் அது வசதி. கொடுத்த காசுக்கு ஒரு பொருள் எத்தனை வருஷம் உழைக்கிறது என்பதைத்தான் நான் மதிப்பு என்கிறேன்.

சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 600 என்ற ஒயர் ஹெட்போன் வந்தது 1997-இல். இன்றும் விற்கிறார்கள். காது மெத்தை நைந்தால் மெத்தையை மட்டும் மாற்றலாம். ஒயர் போனால் ஒயரைக் கழற்றி வேறு மாட்டலாம். உள்ளே பாடுவது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய படலம். பத்திரமாக வைத்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ ஹெட்போனும் 1984-இல் வந்த அதே உருவத்தில் இன்னும் கடையில் இருக்கிறது.

அப்புறம் 2016 வந்தது. ஐபோன் 7-இல் ஒயர் செருகும் துளையை எடுத்தார்கள். அதே ஆண்டு காதுக்குள் செருகும், ஒயரே இல்லாத ஏர்பாட்ஸ் வந்தது. இந்த வகையில் ஒவ்வொரு காதுக்குள்ளும் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி. சார்ஜ் ஏற ஏற அது தேயும். பெரும்பாலானவற்றில் அதை நாம் மாற்ற முடியாது. நான் வாங்கிய ஒரு ஜோடி இரண்டரை வருஷத்தில் நாற்பது நிமிஷம்கூடத் தாங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் "புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். காந்தமும் சுருளும் நன்றாகத்தான் இருந்தன. பேட்டரி செத்ததால் எல்லாமே குப்பைக்குப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

"இன்று ஆயிரம் ரூபாய்க்கே நல்ல ஒலி கிடைக்கிறதே?" என்றார் தோழி. உண்மை. ஆனால் அந்த விலையில் ஒலியில் முந்துபவை பெரும்பாலும் ஒயர் வைத்தவைதான். அவற்றில் காசு பேட்டரிக்கும் புளூடூத் சிப்புக்கும் பிரிந்து போவதில்லை, ஒலிக்கே போகிறது. தோழி காட்டிய உதாரணம் என் அணிக்குத்தான் சாட்சி.

இதோ, அப்பா 1990-களில் வாங்கிய ஹெட்போன். செருகும் பின்னுக்குப் பக்கத்தில் ஒயர் அறுந்தபோது, ரேடியோ கடைக்காரர் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு சால்டர் வைத்துக் கொடுத்தார். பஞ்சு இரண்டு முறை மாற்றியாயிற்று. மேஜையில் வைக்கிறேன், நடுவர் அவர்களே. ஒரு பாட்டு கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி.