மன்னார்குடிக்கு இன்னொரு சுவர்

(மன்னார்குடியில் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த மிராசுதார் ஐயா அவர்களே, அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'சர்வதேச வீரர்' என்று போட்டுவிட்ட செயலாளர் அவர்களே (கொழும்புக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்று வந்தவன் நான், ஆனாலும் அச்சாகிவிட்டது, இருக்கட்டும்), எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த, இன்றைக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்து நான் எங்கே தப்பு விடுவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆசிரியர் ஐயா அவர்களே, பின்கட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, அந்த வாசனையையும் மீறி இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடைக்குப் பதிலாகத் துண்டு போர்த்தினீர்கள். விளையாட்டுக்காரனுக்குத் துண்டுதான் உபயோகம். அதற்குத் தனி நன்றி. எனக்கு முன்னால் பேசிய புலவர் ஐயா கம்பனிலிருந்து நாற்பது நிமிடம் கொடுத்தார். நான் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டேன். மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, ஸ்குவாஷ் என்கிற விளையாட்டு. இரண்டு, அதை என்னிடமிருந்து பிடுங்கிய நோய். மூன்று, நம் ஊருக்கு ஒரு ஸ்குவாஷ் கோர்ட் வேண்டும் என்பது.

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடம்பை மனதில் வைத்துச் சொன்னது. எனக்கு அது இரண்டு விதத்திலும் பொருந்திவிட்டது. ஏனென்றால் என் விளையாட்டே சுவரோடுதான். நாலு சுவருக்குள் இரண்டு பேர், ஆளுக்கொரு மட்டை, உள்ளே காற்று அடைத்த ஒரு சின்ன ரப்பர் பந்து. எதிரே வலை கிடையாது, சுவர்தான் இருக்கிறது. பந்து முன்சுவரில் பட்டு வர வேண்டும். இரண்டாவது முறை தரையைத் தொடுவதற்குள் எதிராளி எடுக்க வேண்டும். 11 புள்ளி, ஐந்தில் மூன்று ஆட்டம் ஜெயித்தவன் ஜெயித்தவன். அவ்வளவுதான் சட்டம். மூச்சு வாங்குவதுதான் பாக்கி.

இதற்கு மூதாதை ராக்கெட்ஸ் என்ற ஆட்டம். அது வளர்ந்த இடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். லண்டனில் கடன்காரர்களை அடைத்து வைத்த சிறைச்சாலை! வட்டி கட்ட முடியாமல் உள்ளே போனவர்கள் பொழுது போகாமல் சிறைச் சுவரில் பந்தடித்தார்கள். அப்புறம் அது ஹாரோ என்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் அங்கே பையன்கள் மெத்தென்ற பந்தை வைத்து ஆடியதில் ஸ்குவாஷ் ஆனது. நம் ஊரிலும் பயிர்க்கடன் வாங்கியவர்களைப் பிடித்துச் சுவர் ஓரம் விட்டிருந்தால் டெல்டாவில் வீட்டுக்கு வீடு சாம்பியன் இருந்திருப்பார்கள். இப்போது ஆட்டம் எங்கேயோ போய்விட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக வருகிறது. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த உலகக் கோப்பையை இந்தியா தூக்கியது. ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார், அனாஹத் சிங் ஆடிய அணி. சென்னைக்குச் சுவர் கிடைத்தது, சித்திரம் வந்தது. மன்னை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம்தான் சென்னை. ஆனால் அந்தச் சுவர் இந்தப் பக்கம் வரவில்லை.

நான் அந்த ரயிலில்தான் பத்து வயதில் மாமா வீட்டுக்குப் போனேன். ஜூனியர் போட்டிகள், மாநில அணி, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வயதில் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஒரு வலி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும். காலையில் எழுந்தால் குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. வெயில் ஏற ஏறச் சரியாகிவிடும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்பு, முழு ஓய்வு எடு என்றார்கள். எடுத்தேன். படுக்கப் படுக்க மரக்கட்டையானேன்.

தாய்மார்கள் இதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண இடுப்புப் பிடிப்பு ஓய்வெடுத்தால் குறையும். என்னுடையது ஓய்வெடுத்தால் கூடும், ஓடியாடினால் குறையும். பின்ராத்திரியில் எழுப்பும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும். 45 வயதுக்குள் ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால், பிள்ளை சோம்பேறி என்று திட்டாமல் வாத நோய் நிபுணரிடம் கூட்டிப்போங்கள். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். உடம்பின் எதிர்ப்பு சக்தியே முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சியை உண்டாக்குகிறது. எக்ஸ்ரேயில் தெரிய வருஷக்கணக்காகலாம், எம்.ஆர்.ஐ.யில் முன்னாலேயே பிடிபடலாம். எனக்கு ஒரு கண் சிவந்து வலித்து, கண் டாக்டர்தான் "தம்பி, இடுப்பு வலி உண்டா?" என்று கேட்டார். அங்கிருந்துதான் நோய் பிடிபட்டது.

இது வந்தவர்கள் எல்லாம் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டனாக இருந்த மைக்கேல் ஆதர்ட்டனுக்கு இதே நோய்தான். அதோடு 1995இல் ஜோகன்னஸ்பர்கில் ஆட்டமிழக்காமல் 185 அடித்து டெஸ்டைக் காப்பாற்றினார். ஸ்குவாஷிலேயே பீட்டர் மார்ஷல் இருக்கிறார். மட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆடி உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனவர். தீராத களைப்பு நோய் வந்து ஆட்டம் நின்றுபோய், திரும்பி வந்து 2000இல் பிரிட்டிஷ் தேசியப் பட்டம் வாங்கினார். நான் அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. ஊருக்குத் திரும்பினேன்.

இங்கே பாமணி ஆற்றுப் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில் இருந்தது. ஓடாத மில். அதன் மேற்குச் சுவர் நல்ல உயரம், பக்கத்தில் நெல் காய வைக்கும் சிமென்ட் களம். டாக்டர் நகரு, நகரு என்றார். விடியற்காலையில் அங்கே போய் அடிக்க ஆரம்பித்தேன். மார்கழியில் ஒரு சங்கடம். போட்டிப் பந்தில் இரண்டு மஞ்சள் புள்ளி இருக்கும். அது சூடேறினால்தான் எழும்பும், குளிரில் சாணி உருண்டை மாதிரி விழுந்த இடத்தில் கிடக்கும். அடித்து அடித்துச் சூடாக்க என் இடுப்பு ஒத்துழைக்காது. அதனால் அத்தைக்குத் தெரியாமல் இட்லிப் பானையில், ஓரக் குழியில், பந்தைப் போட்டு எடுத்துக்கொண்டு போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்துறைப்பூண்டியிலிருந்து பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல், காலை ஏழு மணிக்கு. அத்தை பதற்றத்தில் பானையைத் திறந்து அப்படியே தட்டில் கவிழ்த்துக் கொண்டுபோய் வைத்துவிட்டார். பெண்ணின் அப்பா கொஞ்சம் கனமான மனிதர், நெல் வியாபாரி. நாலு வெள்ளை இட்லிக்கு நடுவில் கறுப்பாக ஒன்று. மரியாதைக்கு ஒன்றும் கேட்கவில்லை. விரலால் அமுக்கிப் பார்த்தார். உள்ளே போய்த் திரும்பி வந்தது. "கறுப்பு உளுந்தாம்மா?" என்றார். அத்தை பாவம், "ஆமாங்க, சத்து" என்றுவிட்டார்! அவர் அதைச் சாம்பாரில் தோய்த்தேவிட்டார். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது பந்து அவர் வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. "மாமா, வேண்டாம், அது என்னது!" என்று கத்தினேன். வீடே நின்றுவிட்டது.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாம் சொன்னேன். நோய், மாத்திரை, ஊசி, பந்து. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வாதம்னு தரகர் சொல்லவே இல்லையே" என்றார். பெண்ணின் அம்மா முகம் மாறிவிட்டது, எழுந்துவிட்டார். பெண்ணின் அப்பாவும் எழுந்தார், ஆனால் அது வேறு காரணத்துக்கு. "அந்தச் சுவர் எங்கே, காட்டுங்க" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாடை அடிக்கும் பந்தோடு மில் களத்துக்கு வந்து, என் மட்டையை வாங்கி ஏழெட்டு அடி அடித்தார். மூன்று தடவை பந்து சுவரையும் தாண்டிப் போனது. சம்பந்தம் நடக்கவில்லை. அந்தப் பெண் இப்போது நாகப்பட்டினத்தில் சௌக்கியமாக இருக்கிறார். ஆனால் அடுத்த ஞாயிறே பஸ் ஏறி அந்த நெல் வியாபாரியின் கடைசிப் பையன் என்னிடம் ஆடக் கற்றுக்கொள்ள வந்துவிட்டான். கூட இரண்டு பையன்கள். என் பயிற்சிக்கூடம் தொடங்கிய கதை இதுதான்.

(சிரித்தது போதும், செயலாளர் மணியைப் பார்க்கிறார்.)

ஊசி என்றேனே, அதைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. 2018 நவம்பர் கஜா புயல் உங்களுக்குத் தெரியும். நாள் கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரர்தான் ஐஸ் பெட்டியில் ஒரு மூலை ஒதுக்கித் தந்தார். ஊசியை டப்பாவில் போட்டுத் துண்டில் சுற்றி, வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்தப் புயலில் மில்லின் கூரை முழுக்கப் பறந்துவிட்டது. மேற்குச் சுவர் அசையவில்லை.

புயல் அசைக்காததை மனைப்பிரிவு அசைத்துவிட்டது. போன வருஷம் இடித்துவிட்டார்கள். உரிமையாளர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் இடம், அவர் விற்றார். என் பையன்கள் இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அடிக்கிறார்கள், வாட்ச்மேன் விரட்டுகிறார்.

இந்த இடத்துக்குத்தான் வர நினைத்தேன். 'திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு' என்று நாடே சொல்கிறது. ராஜகோபால சுவாமி கோயில் மதிலில் பந்தடிக்க நான் சொல்லவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு என் மேல் வழக்கு வரும். ஆனால் மதிலுக்குப் பேர் போன ஊரில் ஒரு ஸ்குவாஷ் கோர்ட்டுக்குச் சுவர் இல்லை என்றால் எப்படி? கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நம் கணக்கில் ஐந்து குழி நிலம்கூட ஆகாது! ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இதுபோல் எத்தனையோ போடலாம். வழுவழுப்பான நாலு சுவர், மரத் தரை, முன்சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை, மேலே கூரை. காலையில் பிள்ளைகள் ஆடட்டும். மத்தியானம் என்னைப் போல முதுகு விறைத்தவர்கள், சர்க்கரைக்காரர்கள், வாத்தியார் ஐயாவைப் போல ஓய்வு பெற்றவர்கள், சும்மா பந்தைத் தட்டிக்கொண்டு நடக்கட்டும்.

நோயாளிக்கு எதற்கு விளையாட்டு என்பவர்களுக்கு என் கழுத்தைக் காட்டுகிறேன். இது இப்போது முழுக்கத் திரும்பாது. ஸ்குவாஷில் நடுவில் நின்றுகொண்டு பின்னால் போன பந்தைத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்கு முடியாது. அதனால் காதால் ஆடுகிறேன். பக்கச் சுவரில் பட்டால் ஒரு சத்தம், பின்சுவரில் பட்டால் வேறு சத்தம். போன மாதம் திருத்துறைப்பூண்டிப் பையனை அப்படியே ஒரு ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவதில் அவன் என்னை ஓட ஓட விரட்டினான். சுவரை வைத்துத்தான் சித்திரம், விரிசல் விட்ட சுவரிலும் எழுதலாம், முதலில் சுவர் வேண்டும்.

 

வாசலில் சுண்டல் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது. நகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இரண்டு படி. நீல மூடி போட்ட பேனாதான் எழுதும், மற்றதை எடுக்காதீர்கள். முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் போடுவார் என்று அவரைக் கேட்காமலே இங்கே அறிவித்துவிடுகிறேன். ஆசிரியர் ஐயா, உங்கள் கையெழுத்து இரண்டாவது. நன்றி, வணக்கம்.