அந்த அம்மா ஏன் அழவில்லை? லிண்டி சேம்பர்லேன் வழக்கு

[திரையில்: உலுரு பாறை, அந்தி வெளிச்சம்]

வணக்கம். ஒரு கைக்குழந்தை காணாமல் போகிறது. உடல் கிடைக்கவில்லை. ஆயுதமும் இல்லை. எதற்காகக் கொன்றார் என்று அரசுத் தரப்பே கடைசிவரை காரணம் எதையும் முன்வைக்கவில்லை. அப்படியும் பெற்ற தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இது நடந்தது ஆஸ்திரேலியாவில், 1982-ல்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவ இப்படியா கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பா?" அந்த நாட்டில் அப்போது பேருந்திலும் மதுக்கடையிலும் சாப்பாட்டு மேசையிலும் ஓடிய பேச்சின் சாரம் இதுதான். இந்தப் பேச்சுதான் வழக்கை நடத்தியது என்று நான் சொல்வேன். சட்டமும் விஞ்ஞானமும் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தன. எப்படி என்று பார்ப்போம்.

[திரையில்: வரைபடம், மவுண்ட் ஐசா முதல் உலுரு வரை]

மைக்கேல் சேம்பர்லேன் ஒரு பாதிரியார். செவன்த்-டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். குவீன்ஸ்லாந்தில் மவுண்ட் ஐசா என்ற சுரங்க ஊரில் குடியிருந்தார். மனைவி லிண்டி. ஆறு வயதில் ஏய்டன், நான்கு வயதில் ரீகன் என்று இரண்டு பையன்கள், அப்புறம் ஒன்பது வாரக் கைக்குழந்தை அசாரியா. குடும்பமாகக் காரில் கிளம்பி உலுருவுக்குப் போனார்கள். அன்று அதற்கு ஏயர்ஸ் ராக் என்று பெயர்.

1980 ஆகஸ்ட் 17, இரவு. முகாம் மைதானத்தில் அடுப்படியைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். லிண்டி குழந்தையைக் கூடாரத்தில் படுக்க வைக்கப் போகிறார். கூடவே ஏய்டன். பையனுக்கு இன்னும் பசி. அவனுக்காகக் காரிலிருந்து ஒரு பீன்ஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்புகிறார். இந்தப் பீன்ஸ் டப்பாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் கூடாரப் பக்கமிருந்து குழந்தையின் அழுகுரல். டாஸ்மேனியாவிலிருந்து வந்திருந்த சாலி லோ என்ற பெண்ணுக்கும் அது கேட்டது. லிண்டி பார்க்கப் போகிறார். கூடாரத்திலிருந்து ஒரு டிங்கோ தலையை உதறியபடி வெளியே வருகிறது. டிங்கோ என்பது ஆஸ்திரேலியாவின் காட்டு நாய். "டிங்கோ என் குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு!" என்று லிண்டி போட்ட கூச்சலில் முகாமே எழுந்தது. அன்றிரவு ஏறக்குறைய 300 பேர் கைவிளக்கோடு வரிசை கட்டிப் புதர் புதராகத் தேடினார்கள். குழந்தை கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பாறையின் அடிவாரத்தில் ஒரு சுற்றுலாப் பயணி குழந்தையின் துணிகளைக் கண்டார். ரத்தக்கறை படிந்த முழு உடுப்பு, உள்சட்டை, காலுறை, கிழிந்த நாப்பி. அதற்கெல்லாம் மேலே குழந்தைக்கு ஒரு வெள்ளைப் பின்னல் சட்டை போட்டிருந்தேன், எலுமிச்சை மஞ்சளில் ஓரம் வைத்தது என்று லிண்டி திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சட்டை மட்டும் அங்கே இல்லை. இருந்தால்தானே இருக்கும் என்றது போலீஸ்.

[திரையில்: நாளிதழ்த் தலைப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக]

இனி ஊர்ப் பேச்சுக்கு வருவோம்.

முதல் சந்தேகம் டிங்கோமேல் இருந்த நம்பிக்கையில் பிறந்தது. சுமார் 15 கிலோ எடையுள்ள நாய், மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிற பிராணி, அது குழந்தையைத் தூக்குமா? சிட்னியிலும் மெல்போர்னிலும் இருந்தவர்களில் பெரும்பாலோர் டிங்கோவைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். உலுருவில் வேலை பார்த்த தலைமை வனக்காவலர் டெரெக் ராஃபுக்கு விஷயம் தெரியும். சுற்றுலாப் பயணிகள் தீனி போட்டுப் போட்டு டிங்கோக்களுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது, சிறு குழந்தைகளுக்கு ஆபத்து வரலாம் என்று அவர் மேலிடத்துக்கு முன்பே எழுதியிருந்தார். அதே ஆண்டு, அதே இடத்தில், காருக்குள் இருந்த மூன்று வயதுச் சிறுமியை ஒரு டிங்கோ இழுத்துப் போட்டிருந்தது. இதெல்லாம் கோப்பில் கிடந்தது. ஆனால் கோப்பை யார் படிப்பது? லிண்டியின் முகம் தொலைக்காட்சியில் தினமும் வந்தது.

குழந்தை போன சில நாட்களிலேயே தம்பதி பேட்டி கொடுத்தார்கள். டிங்கோ இரையின் தோலை எப்படி உரிக்கும் என்று லிண்டி நிதானமாக விவரித்தார். இது கடவுளின் சித்தம் என்றும் பேசினார்கள். அவர்கள் சபையில் மரணத்தை அப்படிப் பார்ப்பது சாதாரணம். பார்த்தவர்களுக்கோ உடம்பு கூசியது. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சு, இரண்டு பக்கமும் அடி. நீதிமன்றத்துக்கு என்ன உடை போட்டு வந்தார் என்பதுகூடப் பத்திரிகையில் செய்தியானது.

அப்புறம் வதந்தி. அட்வென்டிஸ்ட் சபையைப் பற்றிப் பலருக்கும் அதிகம் தெரியாது. சனிக்கிழமை ஓய்வுநாள் அனுசரிப்பவர்கள் என்பது வரைக்கும்தான் பரிச்சயம். கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் ஒரு மதக்குழுவே கூண்டோடு செத்த 1978 சம்பவம் அப்போது எல்லோர் மனதிலும் பசுமையாக இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அசாரியா என்றால் வனாந்தரத்தில் பலி என்று அர்த்தம் எனக் கிளப்பிவிட்டார்கள். சுத்தப் பொய், ஆனால் நாடு முழுக்கச் சுற்றியது. குழந்தைக்கு லிண்டி ஒரு கறுப்பு கவுன் தைத்திருந்தார், சிவப்பு ஓரம் வைத்தது. அது சடங்கு உடை ஆகிவிட்டது. வீட்டில் குட்டிச் சவப்பெட்டி ஒன்று இருந்ததாம். இருந்தது உண்மைதான். புகைபிடிப்பதை நிறுத்த மைக்கேல் நடத்திய வகுப்புகளில் காட்டுவதற்காக வைத்திருந்த பெட்டி அது.

வதந்தி முழுப் பொய்யாக இருந்தால் சீக்கிரம் செத்துவிடும். கவுன் உண்டு, பெட்டி உண்டு என்று சிறு சிறு உண்மைகள் உள்ளே இருந்ததால்தான் இது வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்தது. "டிங்கோ நிரபராதி" என்று அச்சடித்த டி-ஷர்ட்கூட விற்றது.

சரி, அதிகாரிகள் தரப்பில் யாருக்கும் உண்மை தெரியவில்லையா? தெரிந்தது. முதல் மரண விசாரணையை நடத்திய டெனிஸ் பாரிட், 1981 பிப்ரவரியில் தன் முடிவை நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பில் வாசித்தார். வதந்திக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் அந்த ஏற்பாடு. குழந்தையை டிங்கோ எடுத்துச் சென்றது, பெற்றோர் குற்றமற்றவர்கள் என்றார். போலீஸைக் கடுமையாகக் கண்டித்தார். அத்தோடு, பிறகு யாரோ முகம் தெரியாத ஆட்கள் துணிகளை எடுத்துக் கையாண்டிருக்கலாம் என்றும் சொன்னார். அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சு மறுபடி கிளம்பியது. கண்டனம் வாங்கிய போலீஸும் சும்மா இருக்கவில்லை.

[திரையில்: மஞ்சள் டொரானா கார், முன்பக்க டேஷ்போர்டின் கீழே]

இப்போது விஞ்ஞானம் வருகிறது. இந்த வழக்கில் நான் அதிகம் கோபப்படுகிற இடம் இதுதான்.

லண்டனிலிருந்து ஜேம்ஸ் கேமரன் என்ற தடயவியல் பேராசிரியர் துணியைப் புறஊதா ஒளியில் பார்த்தார். பெரியவர் ஒருவரின் ரத்தக்கை அதில் பதிந்திருக்கிறது, கழுத்து அறுக்கப்பட்டிருக்கிறது என்றார். குடும்பத்தின் காரைக் கைப்பற்றிச் சோதித்தார்கள். காரில் இருப்பது சிசு ஹீமோகுளோபின், அதாவது சில மாதக் குழந்தைகளிடம் மட்டுமே கணிசமாக இருக்கும் ரத்தப் பொருள் என்று ஜாய் கூல் என்ற உயிரியலாளர் சாட்சி சொன்னார். டேஷ்போர்டின் அடியில் துளித்துளியாக ஒரு தெறிப்பு. அறுபட்ட தமனியிலிருந்து பீய்ச்சிய ரத்தம் அது என்றது அரசுத் தரப்பு. ஜூரி உறுப்பினராக உங்களை அங்கே உட்கார வைத்து இதைக் காட்டினால் என்ன நினைப்பீர்கள்?

அந்தத் தெறிப்பு ரத்தமே இல்லை. கார் கம்பெனியில் இரைச்சலைக் குறைக்க அடிப்பாகத்தில் தார் கலந்த ஒரு பூச்சை அடிப்பார்கள். அது ஓட்டை வழியாக உள்ளே சிதறிக் காய்ந்திருந்தது. லெஸ் ஸ்மித் என்ற விஞ்ஞானி அதே மாடல் வேறு கார்களைத் தேடிப் பார்த்தார். அவற்றிலும் அதே இடத்தில் அதே தெறிப்பு. கொலை எதுவும் நடக்காத கார்கள்!

ரத்தமா என்று முதலில் பார்க்கும் ரசாயனச் சோதனைக்கு இன்னொரு குறை உண்டு. தாமிரத் தூசி பட்டாலும் நிறம் மாறும். மவுண்ட் ஐசா தாமிரம் உருக்குகிற ஊர். அடுத்தகட்டச் சோதனைக்குப் பயன்படுத்திய மருந்தோ, சிசு ரத்தத்தைப் பெரியவர் ரத்தத்திலிருந்து உறுதியாகப் பிரித்துக் காட்டும் அளவுக்கு நம்பகமானதல்ல. மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்றால், சோதனைத் தகடுகளை ஆய்வகத்தில் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார்கள், அது அங்கே வழக்கமாம். கேமரன் கண்ட ரத்தக்கையில் பெரும்பகுதி பாலைவனத்துச் செம்மண். இவ்வளவும் வெளியே வரும்போது லிண்டி சிறைக்குள் பல வருஷம் கழித்திருந்தார்.

இந்தச் சோதனைகளை வைத்து இரண்டாவது மரண விசாரணை நடந்தது, அதற்குப் பிறகு கொலை வழக்கு விசாரணை டார்வினில் 1982 செப்டம்பரில் தொடங்கியது. இப்போது அந்தப் பீன்ஸ் டப்பா. அரசுத் தரப்புக் கதைப்படி, சுமார் பத்து நிமிடத்துக்குள் லிண்டி குழந்தையைக் காரின் முன்சீட்டுக்குக் கொண்டுபோய், கத்தரிக்கோலால் கழுத்தை அறுத்து, உடலை மறைத்து, ரத்தத்தைத் துடைத்து, கூட வந்த ஆறு வயதுப் பையனுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டு, அவனுக்காகப் பீன்ஸ் டப்பாவையும் மறக்காமல் எடுத்து, பதற்றமே இல்லாமல் அடுப்படிக்கு வந்து பேச்சில் கலந்துகொண்டார். அழுகுரல் கேட்டதாகச் சொன்ன சாலி லோ தவறாகக் கேட்டிருக்க வேண்டும். இதை நம்புவதைவிட ஒரு நாயை நம்புவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நீதிபதி ஜேம்ஸ் மியூர்ஹெட் ஜூரிக்குத் தந்த தொகுப்புரை லிண்டி பக்கமே சாய்ந்திருந்தது. ஆனால் 1982 அக்டோபர் 29 அன்று ஜூரி குற்றவாளி என்றது. லிண்டிக்குக் கடுங்காவலுடன் ஆயுள். மைக்கேலுக்கு உடந்தைக் குற்றத்துக்காக 18 மாதம், ஆனால் அது நிறுத்திவைக்கப்பட்டது. லிண்டி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. நவம்பரில் காவலில் இருக்கும்போதே பிரசவம் ஆனது, பிறந்த பெண் குழந்தையை அவரிடமிருந்து பிரித்தார்கள். அந்த நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போன மேல்முறையீடும் 1984-ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது.

[திரையில்: செம்மணல், கால்தடம்]

விசாரணையில் கூப்பிடப்படாத சாட்சிகள் சிலர் இருந்தார்கள். உலுரு யாருடைய பூமியோ, அந்தப் பூர்வகுடி மக்கள். தடம் பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள். நிப்பர் வின்மட்டி, பார்பரா ஜிகாடு போன்றவர்கள் குழந்தை காணாமல் போன உடனேயே மணலில் டிங்கோவின் தடத்தைப் பார்த்தார்கள். வெறுமனே நடந்துபோன டிங்கோ அல்ல, பாரம் சுமந்து போனது என்று தடத்தைப் பார்த்தே சொன்னார்கள். வழியில் அது பாரத்தைக் கீழே வைத்த இடத்தில் மணலில் ஒரு பள்ளம், அதில் பின்னல் துணி அழுந்திய அச்சு. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொன்ன இதை ஜூரி கேட்கவே இல்லை, கடல் கடந்து வந்த பேராசிரியர் புறஊதா விளக்கில் பார்த்ததைக் கேட்டது.

பார்பரா ஜிகாடு பின்னால், வழக்கை மறுபடி ஆராய அமைத்த அரச ஆணையத்தின் முன் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சாட்சி சொன்னார். ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த ஆணையம் வந்த கதையும் விசித்திரமானது. வக்கீல்களாலும் மனுக்களாலும் நடக்காத காரியம் ஒரு விபத்தால் நடந்தது. 1986 ஜனவரியில் ஓர் ஆங்கிலேயச் சுற்றுலாப் பயணி உலுருவில் ஏறும்போது விழுந்து இறந்தார். பிப்ரவரி 2 அன்று அவரது உடலைத் தேடியெடுத்த இடத்துக்குப் பக்கத்தில், டிங்கோ வளைகள் நிறைந்த பகுதியில், மண்ணில் பாதி புதைந்த ஒரு சின்னப் பின்னல் சட்டை. லிண்டி ஐந்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவந்த அதே சட்டை.

துணியில் டிங்கோவின் எச்சிலே இல்லையே என்பது அரசுத் தரப்பின் பெரிய வாதம். மேலே இன்னொரு சட்டை இருந்தது என்றால் எச்சில் அதில்தானே பட்டிருக்கும்? வாதம் அங்கேயே படுத்துவிட்டது. ஐந்தே நாளில், பிப்ரவரி 7 அன்று, லிண்டியை விடுதலை செய்தார்கள். 1987-ல் நீதிபதி டிரெவர் மார்லிங் தலைமையிலான அரச ஆணையம் மேலே சொன்ன சோதனைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டது. 1988 செப்டம்பர் 15 அன்று இருவர் மீதான தீர்ப்பும் ரத்தானது. 1992-ல் இழப்பீடாக 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அதற்கு முந்தைய வருஷமே லிண்டியும் மைக்கேலும் விவாகரத்து ஆகியிருந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பேச்சு ஓயவில்லை. 1995-ல் நடந்த மூன்றாவது மரண விசாரணை, சாவுக்குக் காரணம் தெரியவில்லை என்று கைவிரித்தது. அந்த இடைவெளி போதாதா? "என்ன இருந்தாலும் அந்த அம்மா முகத்தில் ஏதோ ஒன்று" என்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2001-ல் குவீன்ஸ்லாந்தின் ஃப்ரேசர் தீவில், அதாவது இன்றைய கேகாரியில், ஒன்பது வயதுப் பையனை டிங்கோக்கள் கடித்துக் கொன்றன. டிங்கோ மனிதரைத் தொடாது என்ற பேச்சு அதற்கப்புறம்தான் அடங்கத் தொடங்கியது.

நான்காவது மரண விசாரணை டார்வினில் 2012-ல் நடந்தது. ஜூன் 12 அன்று விசாரணை அதிகாரி எலிசபெத் மோரிஸ், அசாரியாவை டிங்கோ தூக்கிச் சென்றதுதான் சாவுக்குக் காரணம் என்று அறிவித்தார். பெற்றோரிடம் குரல் தழுதழுக்க அனுதாபம் தெரிவித்தார். சம்பவம் நடந்து 32 வருஷம் ஆகியிருந்தது. அன்றே லிண்டியும் மைக்கேலும் திருத்திய இறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, வெளியே காத்திருந்த கேமராக்கள் முன் வந்து பேசினார்கள்.